இடது கை செய்த வேலை

காசில்லாமல் படம் எடுப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேமராவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன லென்ஸ், எத்தனை ரோல், லேபை எப்படிச் சமாளித்தீர்கள், இப்படி. அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது போர்ட் பிளேரில், சாத்தம் ஜெட்டியில், ஒரு காலை வேளையில் அரை நிமிடத்துக்குள் நடந்து முடிந்த ஒரு காரியம். இத்தனை வருடம் கழித்தும் அது என்னை விடவில்லை. உங்களையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை, ஷாதிபூரில் ஒற்றை அறை, தலை நிறையப் படம். தீவில் தமிழ்ப் படம் பார்ப்பதே பெரும்பாடு. அதில் நான் படம் எடுக்கப்போகிறேன் என்றதும் அபர்டீன் பஜாரில் டீ குடிக்கிற இடமெல்லாம் சிரிப்பு. "ஹீரோயின் யாரு பாபு, மெயின்லேண்ட்ல இருந்து ஜஹாஜ்ல வராங்களா?" என்று கேட்பார்கள். ஜஹாஜ் என்றால் கப்பல். எங்கள் ஊரில் தமிழன் வீட்டுக்குள்ளேயும் அது ஜஹாஜ்தான்.

மெட்ராசில் கல்யாணங்களைப் படம் பிடித்துச் சலித்துப்போன ஒருவர் விற்ற பதினாறு எம்.எம். கேமரா என்னிடம் இருந்தது. அதற்கு பாட்டரி கிடையாது. பக்கவாட்டில் ஒரு சாவி. சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல முறுக்கிவிட்டால் அரை நிமிடம் ஓடும், பிறகு தானே நின்றுவிடும். பிலிமோ மற்றவர்கள் எடுத்து மிச்சம் வைத்த துண்டுகள். எடுத்ததைக் கப்பலில் மெட்ராசுக்கு அனுப்பினால், அங்கே கழுவி, பிரதி போட்டு, வேறொரு கப்பலில் திரும்பி வரும். எடுத்தது தேறியதா இல்லையா என்பது தெரிய ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். முதல் ரோலைப் புழுக்கத்திலிருந்து காப்பாற்ற ஐஸ் பேக்டரியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மெட்ராஸ் லேப்காரர் டப்பாவைத் திறந்துவிட்டு, "இது படமா, கருவாடா?" என்று கேட்டு எழுதினார். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தொழில் தெரியும்.

கதை சின்னது. ஒரு பெண்ணுக்குத் தாய் இறந்துபோனதாகத் தந்தி வருகிறது. அன்றைக்கே கப்பல் கிளம்புகிறது. அவள் போகிறாள், கணவன் ஜெட்டியில் நிற்கிறான். அவ்வளவுதான். தீவில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அடிவயிற்றில் இருந்த பயம் அது. கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, சில சமயம் மூன்று வாரத்துக்கு ஒன்று. அதனால் கப்பல் கிளம்புகிற நாளில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால் அது அந்த வீட்டுத் தந்தி மட்டும் இல்லை. தெருவே அதைத் தூக்கிக்கொண்டு ஓடும். பிரித்துப் படிக்கலாமா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள், யோசிக்கிற நேரத்தில் கப்பல் போய்விடும். சாவுத் தந்தியைக் காட்டினால் கப்பலிலும் எப்படியாவது ஓர் இடம் கொடுத்துவிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவனாக நடிக்க சுப்பையா ஒத்துக்கொண்டான். பொதுப்பணித்துறை ஸ்டோரில் வேலை, லம்பா லைனில் குவார்ட்டர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மனைவி வேடத்துக்கு ஆள் தேடி அலுத்து, கடைசியில் அவன் சொந்த மனைவி செண்பகத்தையே கேட்டோம். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"அண்ணாச்சி, எனக்கு அழுகை வராதுன்னு இப்பமே சொல்லிட்டேன். பொறவு என்னயக் குத்தம் சொல்லப்பிடாது."

"அழவே வேணாம்மா. கப்பல் மேல நின்னு சுப்பையாவைப் பாரு, அது போதும்."

"அவுகளப் பாத்தா சிரிப்புல்லா வருது!" என்றாள். ஒத்திகையில் அப்படித்தான் ஆயிற்று. நான்கு முறை பார்த்தோம், நான்கு முறையும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இங்கே என்னுடைய மேதாவித்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடிக்கத் தெரியாதவர்களுக்குக் கதையைச் சொன்னால் மிகையாக நடித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. நில், பார், திரும்பு என்று மட்டும் சொல்வேன். கதை சுப்பையாவுக்குத் தெரியும், மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் எதற்காகக் கப்பலில் நிற்கிறாள், படத்தில் யார் செத்தார்கள், எதுவும் செண்பகத்துக்குத் தெரியாது.

இரண்டாவது மேதாவித்தனம், தந்தி. திரையில் முழு அளவுக்குக் காட்டப்போகிற தந்தி போலியாக இருக்கலாமா? தெரிந்த ஒருவர் மூலம் அசல் படிவமும் உறையும் சம்பாதித்தேன். ஆங்கில எழுத்துகளை அச்சடித்த நாடாவை வெட்டி அதில் ஒட்டினேன். தாயார் காலமானார், உடனே புறப்படவும். முகவரி வேண்டுமே? வீட்டு வாசலில்தானே எடுக்கப்போகிறோம் என்று லம்பா லைன் குவார்ட்டர்ஸ் முகவரியையே போட்டேன். பெயர் செண்பகம். அனுப்பியவர் பெயருக்குச் சுப்பையாவைக் கேட்டேன். அவன் மச்சினன் பெயரைச் சொன்னான், அதையும் ஒட்டினேன். கற்பனையாக ஒரு பெயர் வைக்க எனக்குச் சோம்பலா, திமிரா, இன்றுவரை தெரியவில்லை. ஒட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

கப்பல் கிளம்பும் நாள் காலை ஜெட்டியில் படப்பிடிப்பு, மத்தியானம் சுப்பையா வீட்டு வாசலில் தந்திக் காட்சி என்று ஏற்பாடு. தந்தியைச் சுப்பையாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லி ஆபீஸ் பியூனிடம் தந்தேன். அவர் போய்ச் சேர்வதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். வீடு பூட்டியிருந்ததால் பியூன் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் மண்டல் பாபு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர், இங்கிலீஷ் படித்தவர், இரக்கமுள்ள மனுஷன். கப்பல் நாள், கையில் தந்தி. அவர் என்ன செய்திருப்பார்? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவர்கள் ஜெட்டிக்குப் போனதுதான் அவருக்குத் தெரியும், படப்பிடிப்பு என்று தெரியாது. பிரித்துப் படித்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிய வந்தவை. அந்த நேரத்தில் நான் ஜெட்டியில் முக்காலியின் மேல் கேமராவை வைத்துச் சாவி முறுக்கிக்கொண்டிருந்தேன். செண்பகம் பாஸ் வாங்கிக் கப்பலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சுப்பையா கீழே, எனக்குப் பத்தடி முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. காட்சி முடிந்ததும் அவள் இறங்கி வந்துவிட வேண்டும். ஏணியைப் பார்த்துக்கொள்ளும் சாரங்கிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தேன். "ஃபிகர் மத் கரோ, பாபு. ஹாத் உட்டாவோ, சீடி ருக்கேகா" என்றார். கவலைப்படாதே, கையைத் தூக்கு, ஏணி நிற்கும். நான் கை தூக்கினால், நான் மட்டும் தூக்கினால், இரண்டு மூன்று நிமிடம் ஏணியை எடுக்காமல் வைத்திருப்பதாக வாக்கு. வலது கையால் கேமராவின் பொத்தானை அழுத்த வேண்டும், ஆகவே இடது கை என்று முடிவாயிற்று.

நான் சாவி முறுக்கி ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், கூட்ட இரைச்சலில் எங்கள் இருவர் காதிலும் விழாமல், மண்டல் பாபு "தார், தார்" என்று கத்திக்கொண்டு வந்திருக்கிறார். தந்தி என்றதும் கூட்டம் வழிவிட்டது, போலீஸ்காரர் வழிவிட்டார். செண்பகம் கப்பலில் நிற்பதைப் பார்த்து ஏறி ஓடினார். "பாபி, மா நஹீ ரஹீ" என்றார். அண்ணி, அம்மா போய்விட்டார். படிவத்தில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கப்பல் அதிகாரி தந்தியைப் படித்தார். அம்மா நீங்கள் இறங்க வேண்டாம், இப்படியே போங்கள், இடம் தருகிறோம் என்றார். தன்னோடு படுத்துக்கொள்ளலாம் என்று யாரோ ஒரு தெலுங்குக்கார அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கப்பலில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. கெட்ட காரியம் என் ஒட்டு வேலை மட்டும்தான்.

பொத்தானை அழுத்தினேன். வ்யூஃபைண்டரில் செண்பகம் அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழுகை வராது என்றவள். வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல், தலையில் கை வைத்துக்கொண்டு, அப்படி ஓர் அழுகையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது. ஏணியில் இறங்கி வந்த மண்டல் பாபு சுப்பையாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். பிறகு சங்குச் சத்தம், பிறகு சாவி தீர்ந்து கேமரா நின்றது. கண்ணை எடுத்துப் பார்த்தால் ஏணி மேலே போய்விட்டிருந்தது, வடத்தை அவிழ்த்துவிட்டார்கள், கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தண்ணீர். சுப்பையா என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு! கையத் தூக்கும் தூக்கும்னு கத்துதேன், காதுல விழலியா? அவ உம்ம தந்திய நெசம்னு நம்பிட்டா வே! போறா வே!"

 நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அரை நிமிடத்தை நான் அன்று எல்லாரிடமும் எப்படிச் சொன்னேனோ, அப்படியே உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அதில் ஓரிடத்தில் பொய் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

துறைமுக ஆபீசிலிருந்து கப்பலுக்கு ஒயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பலாம். அனுப்ப வேண்டுமானால், அசல் படிவத்தில் சாவுத் தந்தி செய்தவன் நான்தான் என்று ஒரு அதிகாரியின் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். வேலை போகலாம், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். சுப்பையா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஓடாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த அதிகாரியின் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. முதலில் கப்பலுக்குச் செய்தி எழுதிக் கொடுத்து அனுப்பினார்: தந்தி பொய், தாயார் நலம், பயணியிடம் சொல்லவும். பிறகு படிவம் எங்கே கிடைத்தது என்றார். குப்பையில் பொறுக்கினேன் என்றேன். அந்தப் பொய்க்கு இன்றும் நான் வருந்தவில்லை, தந்தவருக்குக் குடும்பம் இருந்தது. அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அழுகை நிஜம் என்று உனக்கு எப்போது தெரிந்தது?

"ஷாட் முடிஞ்ச பிறகுதான், சார். கண்ணை வ்யூஃபைண்டர்ல வச்சிருந்தா வேற எதுவும் தெரியாது."

அவர் தலையாட்டினார். சுப்பையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கப்பலிலிருந்து பதில் வந்தது. படித்த அதிகாரியின் முகம் மாறியது. பயணியிடம் சொன்னோம், நம்பவில்லை, சாப்பிட மறுக்கிறார்.

இது என் புத்தியில் தோன்றவே இல்லை. வழியில் இருப்பவர்களிடம் சாவைச் சொல்லக் கூடாது என்பது நம்முடைய வழக்கம் இல்லையா? "சும்மா உடம்புதான் சரியில்லை" என்று சொல்லித்தானே ஊர்வரை கூட்டிப்போவோம்? கடலில் குதித்துவிடப் போகிறாள் என்று பயந்து ஆறுதல் சொல்கிறார்கள் என்று செண்பகம் நினைத்திருக்கிறாள். சுப்பையா தன் பெயர் போட்டு இன்னொரு செய்தி அனுப்பச் செய்தான். அதையும் நம்பவில்லை. புருஷன்தானே முதலில் மறைப்பான்? தகவல் தெரிந்து அண்ணன் மெட்ராஸ் துறைமுகத்துக்கே ஓடி வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அம்மா நல்லா இருக்கா என்று அவன் சத்தியம் செய்யச் செய்ய, ரயிலில் வழி நெடுக அழுதிருக்கிறாள். கடலில் நான்கு நாள், அதற்கப்புறம் ரயில். ஒரு பெண்ணைத் தாயில்லாதவளாக்கி நான் நடக்கவிட்டிருந்தேன், பொய்யென்று சொல்லியும் அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு அதிர்ச்சிதான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். அதே கப்பலில் மெட்ராஸ் லேபிலிருந்து அந்த ரோலின் பிரதியும் வந்தது. எனக்கு அதற்குள் மெமோ, விசாரணை எல்லாம் முடிந்து வடக்கே ஒரு மூலையில் இருக்கும் மாயாபந்தருக்கு மாற்றல் ஆர்டர் கையில் இருந்தது. சுப்பையா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். ரோலை எரித்துவிடலாம் என்றிருந்தேன். செண்பகம்தான் சொல்லி அனுப்பினாள், அதைப் பார்க்க வேண்டுமாம்.

ஷாதிபூரில் என் அறைக்கு இருவரும் வந்தார்கள். ஜன்னலைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரை வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள்.

"இருங்க அண்ணாச்சி. ஊருல போயி எறங்குனா எங்க வாசல்ல எங்கம்மா முறத்தோட நிக்கா. நான் பேயின்னு நெனச்சு ரோட்டுலயே உக்காந்துட்டேன். அந்த அழுகை எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். போடுங்க."

போட்டேன். அவள் அழுகிறாள். மண்டல் பாபு இறங்கி வருகிறார். சுப்பையாவிடம் சொல்கிறார். சுப்பையா திரும்புகிறான். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வாய் கிழியக் கத்திக்கொண்டு, நேரே கேமராவைப் பார்த்து ஓடி வருகிறான். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். அவன் உடம்பு பெரிதாகிப் பெரிதாகி, பின்னால் நிற்கும் செண்பகத்தை மறைக்கிறது. அவள் மறைந்த அந்த நொடியில் படம் மெதுவாக இடப்பக்கம் நகர்கிறது. அவனை விலக்கிவிட்டு அவளைத் தேடிப் பிடிக்கிறது. அவள் அழுகிறாள். ஏணி தூக்கப்படுகிறது. முடிந்தது.

 இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"அவுக மறைச்சதும் படம் நகருதே, அண்ணாச்சி," என்றாள். "தானா நகருமா?"

தானாக நகராது. முக்காலியில் ஒரு கைப்பிடி உண்டு, அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். வலது கை பொத்தானில் இருந்தது. ஏணியை நிறுத்துவதற்காகத் தூக்கியிருக்க வேண்டிய கைதான் திருப்பியது. ஏதோ விபரீதம் என்று எனக்குத் தெரிந்தது. சுப்பையா கத்துவது தெரிந்தது. அந்த அழுகை நடிப்பில்லை என்பதும் தெரிந்தது. கை தூக்கினால் அழுகை போய்விடும் என்பதும் தெரிந்தது. ஒரு கணம் எல்லாம் சேர்ந்து தெரிந்து, நான் அழுகையை எடுத்துக்கொண்டேன். அதிகாரியிடம் சொன்ன பொய்யை இரண்டு மாதத்தில் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். நான் எடுத்த படமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"தானா நகராதும்மா," என்றேன். "நான்தான்."

சுப்பையா எழுந்து வெளியே போய்விட்டான். நான் ரோலைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். எரித்துவிடு என்றேன். அவள் வாங்கவில்லை.

"எரிச்சா உங்களுக்கு நல்லதாப் போச்சு," என்றாள். "படத்துல வைங்க. ஒரு துண்டு வெட்டப்பிடாது. அவுக ஓடி வாறது, நீங்க நகத்துனது, எல்லாம் இருக்கணும். எப்ப ஓடினாலும் நீங்க ஒக்காந்து பாக்கணும்."

அப்படியே வைத்தேன். அந்தப் படத்தைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால் அந்த ஒரு ஷாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். மெட்ராசில் முதல்முறை திரையிட்டபோது, பெரிய மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணவன் தன்னை மறந்து ஓடி வருவது பிரமாதமான நடிப்பு என்றார். அவன் மறைக்கும்போது கேமரா அவளைத் தேடிப் போகிறதே, அந்த நகர்வில் எவ்வளவு கருணை என்றார். கருணை!  அவர் குலுக்கியது இடது கையை இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

உங்கள் கேமராக்கள் சாவி தீர்ந்து நிற்பதில்லை. நீங்கள் நிறுத்தினால்தான் நிற்கும். அதற்கு மேல் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. செண்பகம் சொன்னபடி, அந்தப் படம் எங்கே ஓடினாலும் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். போன மாதமும் பார்த்தேன். சுப்பையா ஓடி வரும்போது என் இடது கை தலைக்கு மேல் தூக்கியிருந்தது. பின்சீட்டுக்காரர் மறைக்கிறது, கையை இறக்குங்கள் என்றார். இறக்கினேன். ஏணி மேலே போய்க்கொண்டிருந்தது.